கையில் கொடுத்தது

ஆயிரம் நோட்டீஸ்.
நூற்றுக்கு ஒன்றாகப் பத்து முத்திரை, ஊதா மை.
சபைக் கந்தோரில் கட்டிய பிணைப்பணம் இரண்டாயிரம்
ஃபாயிஸ் நானாவுடையது.
பறிபோனால் என் கூலியில் கழியும் என்பது
எந்தத் தாளிலும் இல்லை.

பெர்மிட்டின் முதுகில் உபவிதிகள்.
மனப்பாடம் எனக்கு.
ஓடுகிற பஸ்ஸுக்குள் எறியக் கூடாது.
கோயில் சுவர், பன்சலை மதில், பள்ளிவாசல் கேற்,
ஒன்றிலும் ஒட்டக் கூடாது.
வேண்டாம் என்றவரைப் பின்தொடரக் கூடாது.
இதை எழுதியவரை
யாரோ ஒருநாள் வெகுதூரம் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.
நிலையத்தைச் சுற்றி ஐம்பது யாருக்குள்
பத்துக்கு மேல் தரையில் கிடந்தால்
பிணைப்பணம் சபைக்கு.

பத்தாம் திகதி. சம்பள நாள்.
மஸ்கெலியா பஸ் நிலையத்தில்
மழை பெய்யவுமில்லை, விடவுமில்லை.
மேல் டிவிசன் பஸ் வந்து நின்றதும் இறங்கினார்கள்
கொழுந்துக் கறை போகாத விரல்களோடு.
தாளை நகநுனியால் வாங்குவார்கள்,
அழுக்காகிவிடுமாம்.

'இலவசக் கன் பரிசோதனை.'
அச்சகத்துக்காரன் மூன்று சுழியை
இரண்டாக்கிவிட்டான்.
காலையிலிருந்து முந்நூறு கொடுத்தும்
ஒருவரும் கேட்கவில்லை.

அம்பிகாவதி என்று பெயர் சொன்ன ஓர் அம்மா
தாளைத் தள்ளிப் பிடித்தார்.
இன்னும் தள்ளினார்.
"கை பத்தல தம்பி. நீயே படி."
படித்தேன்.
பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள்.
கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

குடையோடு வந்தார் ரத்னசிறி மாத்தயா,
சபையின் பரிசோதகர்.
"குடுக்கத்தான் பெர்மிட். கூவுறதுக்கு வேற பெர்மிட்.
ஒலிபெருக்கிக்கு உள்ளது."
"ஒலிபெருக்கி இல்லீங்களே."
"அப்ப அது என்ன, தொண்டை?"

என் பெர்மிட்டை வாங்கி விரித்துக் காட்டினார்.
தள்ளிப் பிடித்தார்.
தலையைப் பின்னால் சாய்த்தார்.
குடை சரிந்து மூக்கில் சொட்டியது.
"இந்தா, உபவிதி ஏழு" என்று ஒப்பித்தார்.
விரல் மூன்றில் நின்றது.
மூன்று, மதிலில் ஒட்டுவது பற்றியது.

அதன் பிறகு
காதுக் காதாகக் கிசுகிசுத்தேன்.
கண்ணு பார்க்கிறாங்க, ஞாயித்துக்கிழமை, காசு இல்ல.
பொம்பளைகள் சிரித்தார்கள்.
சாமிமலைப் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர்
இரகசியம் என்றதும் நெருங்கி வந்து
"எவ்வளவு?" என்றார்.
"இலவசம்."
"எங்கே?"
"ஃபாயிஸ் நானா கடையில."
"அடப்பாவி, அவருமா கசிப்பு விக்கிறாரு!"

ஐந்து மணிக்குக் கணக்கு.
அதற்குமுன் நானே ஒரு சுற்றுப் போனேன்.
வடைக்கடைப் படியில் எண்ணெயோடு இரண்டு.
கானில் கப்பலாக ஒன்று போய்க்கொண்டிருந்தது,
கான் தரையா என்று உபவிதி சொல்லவில்லை.
ஒன்றின் மேல் நோர்வூட் பஸ் நின்றது.
டிரைவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மாத்தயா நின்ற இடத்திலிருந்தே
குடைநுனியால் எண்ணினார்.
"எட்டு. ஒன்பது. பத்து."
நுனி கொஞ்சம் அலைந்தது.
"பதினொண்ணு."

ஒன்பதாவது, ரொட்டித் துண்டு.
பதினொன்றாவது
காகம் போட்ட வெள்ளை.

"கிட்டப் போய்ப் பாருங்க மாத்தயா."
போகவில்லை.
குனியவும் இல்லை.
இருவருமாகச் சற்றுநேரம்
காக்காப் பீயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பையில் ஒன்று மிச்சமிருந்தது.
நீட்டினேன்.
"எனக்கா?"
அக்கம்பக்கம் பார்த்தார்.
நாலாக மடித்து
தண்டப் பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குப் பின்னால்,
சட்டைப் பையில் வைத்தார்.
"கையில குடுத்தது கணக்கில வராது" என்றார்
நான் ஏதோ கேட்டதுபோல.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப எண்ணினார்.
ஒன்பதில் நிறுத்திக் குடையை மடித்தார்.
மழை விட்டிருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்,
காதருகே போய், மெதுவாக.